எழுதிக் கொடுத்தால் மட்டும் இயங்கும் அப்பா

ஸ்டோனி பே ஊரில் லோவெல் காங்காஸின் குரலைக் கேட்காமல் யாரும் காலைக் காபியை முடித்ததில்லை. ஊரின் ஒரே வானொலி நிலையத்தில் அவன்தான் எல்லாம். ஏரியில் அலை எவ்வளவு உயரம் எழும்பும், எந்தப் பள்ளிக்கு விடுமுறை, யார் வீட்டு நாயைக் காணவில்லை, வெள்ளிக்கிழமை மீன் விருந்து எந்த சர்ச்சில் என்று எல்லாவற்றையும் அவன் வாசித்தால்தான் ஊருக்கு நம்பிக்கை. தொலைந்த நாயைப் பற்றி அவன் வாசிக்கும்போது, நாயென்றாலே ஆகாதவர்கள்கூட ஜன்னல் திரையை விலக்கித் தெருவை ஒரு பார்வை பார்ப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவனுக்குத்தான் பிரிட்டா மகளாகப் பிறந்திருந்தாள். இரண்டாம் வகுப்பு. வாய் ஓயாத பிள்ளை. ஆனால் புத்தகத்தைக் கண்டால் மட்டும் வயிறு வலித்துவிடும்.

வயிற்று வலி ஒரு வகை. அது எடுபடாத நாளில் அவசரமாகக் கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும். அதுவும் எடுபடாவிட்டால் எழுத்தெல்லாம் தவளை மாதிரித் தாவுகிறது என்பாள். அம்மா டாரா அவளைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். கண் அமோகமாக இருக்கிறது, ஏரியின் அக்கரையில் நிற்கும் கப்பலின் கொடியைக்கூட எண்ணிவிடுவாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார் அவர்.

தினமும் கொஞ்ச நேரம் வீட்டில் படிக்க வையுங்கள் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அதனால் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாவும் மகளும் சோபாவில் உட்காருவார்கள். தூக்குக் கயிற்றுக்கு முன்னால் நிற்கிறவன் முகம் மகளுக்கு. கயிற்றை இழுக்கப் போகிறவன் முகம் அப்பாவுக்கு.

"கரடி ஆத்துல மீன் பிடிச்சுது" என்று படிப்பாள் பிரிட்டா.

"அப்படி எங்க கண்ணு போட்டிருக்கு? இங்க பாரு. 'கரடிக்குத் தூக்கம் வந்தது.'"

"படத்துல மீன் இருக்கே."

"படத்தை விடு. எழுத்தைப் பாரு."

"அப்போ படம் எதுக்குப் போட்டாங்க?"

லோவெல் புத்தகத்தை வாங்கி, தன் வானொலிக் குரலில் ஏற்ற இறக்கத்தோடு இரண்டு பக்கம் வாசித்துக் காட்டுவான். இதைக் கேட்டால் ஆசை வந்துவிடும் என்பது அவன் கணக்கு. பிரிட்டா காலை மடக்கிச் சாய்ந்து உட்கார்ந்து ரசித்துக் கேட்பாள். முடிந்ததும், "நல்லா இருக்குப்பா. நாளைக்கும் நீயே படி" என்பாள்.

"நீயும் இந்த மாதிரி படிக்கணும்ல?"

"எதுக்கு? அதான் நீ படிக்கிறியே. வீட்டுக்கு ஒருத்தர் போதாதா?"

அடுப்படியிலிருந்து டாரா சிரித்த சத்தம் கேட்டது. லோவெலுக்கு அந்தச் சிரிப்பு உறைத்தது. ஊருக்கே வாசிக்கிறவன் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்று தெரிந்தால் என்ன ஆகும்? பேக்கரிக்காரனின் பிள்ளைக்கு ரொட்டி இறங்காத கதைதான்.

அப்படியென்றால் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்துப் பார்ப்போம் என்று இறங்கினான்.

முதலில் பான்கேக். மாவை எழுத்து எழுத்தாகக் கல்லில் ஊற்றி, தட்டில் அவள் பெயரையே அடுக்கி வைத்தான். பிரிட்டா எழுத்துகளைப் பார்க்கவே இல்லை. மேப்பிள் பாகை ஊற்றினாள். பெயர் மிதந்தது. முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை விழுங்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் எழுது" என்று தட்டை நீட்டினாள்.

அடுத்தது புதையல் வேட்டை. வீடு முழுக்கக் குறிப்புச் சீட்டுகளை ஒளித்து வைத்து, ஒன்றைப் படித்தால் அடுத்தது இருக்கும் இடம் தெரியும்படி பாதி நாள் உட்கார்ந்து எழுதினான். கடைசி இடத்தில் சாக்லேட். முதல் சீட்டை அவள் கையில் கொடுத்தான். அவள் அதை மடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, நேராகக் கதவோரம் போய் அவனுடைய பனி பூட்ஸுக்குள் கையை விட்டு சாக்லேட்டை எடுத்தாள்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"கிறிஸ்துமஸுக்கும் இங்கதான் வச்ச. என் பிறந்த நாளுக்கும் இங்கதான் வச்ச. உனக்கு வேற இடமே தெரியாதுப்பா."

மூன்றாவதாக, வாசல் பனியில் பூட்ஸ் காலால் மிதித்து மிதித்துப் பெரிய பெரிய சொற்களாக எழுதினான். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "என்னப்பா லோவெல், எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். பிரிட்டாவைக் கூப்பிட்டு வந்து காட்டுவதற்குள் அடுத்த பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

உறைந்த காதைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தவனிடம் டாரா சொன்னாள்: "நீ விளையாடல, லோவெல். விளையாட்டுன்னு பேரு வச்சுப் பாடம் நடத்துற. அவ மோப்பம் பிடிச்சிடுறா. எங்கம்மா மீன் எண்ணெயை ஜாமுக்குள்ள ஒளிச்சுக் குடுப்பாங்க. மீன் எண்ணெய் பழகிடுச்சு. ஜாம்தான் இன்னிக்கு வரைக்கும் தொண்டையில இறங்கல."

லோவெல் கோபித்துக்கொண்டான். அவள் சொன்னது சரி என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே கோபித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவன் திட்டம் போட்டு நடந்ததில்லை. ஒரு சனிக்கிழமை, கூரையில் ஏறிப் பனியை வாரித் தள்ளிவிட்டு இறங்கி வந்தவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே வரவேற்பறைக் கம்பளத்தில் மல்லாந்தான். பிரிட்டா வந்து வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்பா, யானை ஏத்து."

"முடியாது கண்ணு."

"குதிரையாவது ஏத்து."

"கண்ணு, அப்பா இப்ப ரோபோ" என்றான் லோவெல், கண்ணைத் திறக்காமலே. வாயில் வந்ததைச் சொன்னான். "ரிப்பேர் ஆன ரோபோ. காது கேக்காது. கட்டளையை எழுதிச் சட்டைப் பையில போட்டாத்தான் வேலை செய்யும்."

எழுதுவது என்றால் அவள் ஓடிவிடுவாள், கொஞ்ச நேரம் கண்ணயரலாம் என்பதுதான் அவன் எண்ணம். அவளும் எழுந்து போனாள். வீடு அமைதியானது. லோவெல் நன்றாகவே தூங்கிப்போனான். நெஞ்சருகே ஏதோ கரகரவென்று உரச, கண் விழித்தான். பிரிட்டா ஒரு காகிதத்தைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். எடுத்துப் பார்த்தான். கோணல்மாணலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், 'எழு' என்று இருந்தது.

வேறு வழியில்லை. "க்ர்ர்ர்" என்று ஒரு சத்தம் கொடுத்தபடி, கையையும் காலையும் விறைப்பாக வைத்துக்கொண்டு எழுந்து நின்றான். இடுப்பில் நிஜமாகவே ஏதோ க்ரிக் என்றது. அது ரோபோவுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

பிரிட்டாவின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. பிறகு பறந்து போய் அடுத்த காகிதத்தோடு வந்தாள். லோவெல் எடுத்துப் படித்தான். படித்துவிட்டு அவளைப் பார்த்தான். மறுபடி காகிதத்தைப் பார்த்தான். விறைப்பாகத் திரும்பி, மாடிப்படி ஏறி, குளியலறைக்குப் போய், சட்டை, பேன்ட், கம்பளிக் காலுறை சகிதம் ஷவருக்கு அடியில் நின்று குழாயைத் திருகினான்.

அவள் எழுத நினைத்தது 'குதி'. எழுதியிருந்தது 'குளி'. அவர்கள் ஊர் எழுத்தில் அது எப்படியோ, நம் எழுத்தில் சொன்னால் இப்படித்தான்.

பிரிட்டா சிரித்தாள். சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக் குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த டாரா, கோட்டைக்கூடக் கழற்றாமல் குளியலறை வாசலில் நின்று பார்த்தாள்.

"என்ன நடக்குது இங்க?"

ரோபோ பதில் சொல்லவில்லை. அதற்கு யாரும் கட்டளை போடவில்லை.

"நான் குதின்னுதாம்மா எழுதினேன்! அவரு தப்பா செய்றாரு!"

"காகிதத்தைக் கொண்டா பாப்போம்" என்றாள் டாரா. "குளின்னுல்ல போட்டிருக்க."

பிரிட்டா காகிதத்தை வாங்கினாள். முகத்தருகே கொண்டுபோனாள். நகத்தால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள். ஒருவரும் சொல்லாமல், வயிறும் வலிக்காமல், அவள் ஒரு சொல்லை அப்படி உற்றுப் பார்த்தது அதுதான் முதல் முறை. தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற லோவெல் அதைப் பார்த்தான். குழாயை மூட வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

அதன் பிறகு காகிதங்கள் கெட்டி அட்டைகளாயின. அட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்ந்தன. 'பாடு' என்று நினைத்து 'படு' என்று போட்டதில் லோவெல் சூப் தட்டுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துப் படுத்தான். 'சிரி' போட்டால் சிரித்தான். அடுத்த அட்டை வரும்வரை நிறுத்தாமல் சிரித்தான். எல்லா எழுத்தும் சரியாக இருந்து முதல் முறையாக அவள் நினைத்ததே நடந்தபோது, நிஜ இயந்திரம் ஒன்றை ஓட்டிவிட்டவள் போல இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

டாராவும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் பிரிட்டாவின் டப்பாவுக்குள் தன் கையெழுத்தில் 'பாத்திரம் கழுவு' என்று ஒரு அட்டையைச் சொருகிவிட்டாள். அதன்பின் 'குப்பையைக் கொட்டு'. தன் ரோபோவை அம்மா வேலைக்கு அனுப்புகிறாள் என்று தெரிந்ததும் பிரிட்டாவுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. தினமும் பள்ளி விட்டு வந்ததும் டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொரு அட்டையாகப் படித்து, அம்மாவின் திருட்டு அட்டைகளைப் பொறுக்கி வெளியே போட்டாள். அதைப் படிப்பு என்று யாரும் சொல்லவில்லை. லோவெல் மூச்சுவிடவில்லை.

ஆனால் அவன் ஒரு முறை சொதப்பினான். இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி விற்கும் கடையில் வரிசையில் நிற்கும்போது பிரிட்டா சட்டைப் பையில் ஓர் அட்டையைப் போட்டாள். 'ஆடு.' முன்னால் அவன் பள்ளிக்கூட நண்பர்கள் இரண்டு பேர், பின்னால் பாதிரியார். லோவெல் குனிந்து அவள் காதில், "இங்க வேண்டாம் கண்ணு, வீட்டுல ஆடுறேன்" என்றான்.

அவள் அழவில்லை. அட்டையைத் திரும்ப எடுத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். மறுநாள் சோபாவில் புத்தகத்தோடு உட்கார்ந்தபோது வயிற்று வலி திரும்பி வந்திருந்தது. அந்த வாரம் முழுக்க அது போகவில்லை.

கடைசியில் லோவெல் அவள் அறை வாசலில் போய் நின்றான்.

"ரோபோவுக்கு அன்னிக்குக் குளிர்ல ஒயர் போயிடுச்சு. சரி பண்ணியாச்சு. இனிமே எங்க அட்டை போட்டாலும் வேலை செய்யும்."

பிரிட்டா திரும்பாமலே கேட்டாள்: "எங்க போட்டாலுமா?"

"எங்க போட்டாலும்."

"சர்ச்சுலயும்?"

"சர்ச்சுலயும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

டப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது.

சர்ச்சில் அவள் எதுவும் போடவில்லை, பாவம். பிப்ரவரியில் ஒரு புயல் வந்தது. ஊரையே தூக்கி ஏரிக்குள் போட்டுவிடும் போல அடித்தது. அன்று விடியும் முன்னால் எல்லாப் பள்ளிக்கும் விடுமுறை என்று வாசித்தவனே லோவெல்தான். வாசித்து முடித்த பிறகுதான், அந்தப் பள்ளிகளில் ஒன்றில் தன் மகளும் படிக்கிறாள் என்பது மண்டையில் ஏறியது. டாராவுக்கு ஆஸ்பத்திரியில் முறை, விட முடியாது. போகிற வழியில் பிரிட்டாவை வானொலி நிலையத்தில் இறக்கிவிட்டுப் போனாள்.

"சத்தமே வரக் கூடாது" என்றாள் நிலையத்தின் சொந்தக்காரி ஆர்டிஸ். வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய பெண். அவள் கனைத்தால் டிரான்ஸ்மிட்டரே நிமிர்ந்து உட்காரும் என்பார்கள். "உங்கப்பா இன்னிக்கு வெர்ன் ஹெய்க்கினனைப் பேட்டி எடுக்கிறாரு. ஊரே கேட்டுட்டு இருக்கும். ஒரு சத்தம் வரக் கூடாது. புரிஞ்சுதா?"

பிரிட்டா தலையாட்டினாள். மடியில் பிஸ்கட் டப்பா இருந்தது.

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது உண்மைதான். வெர்ன் ஊராட்சித் தலைவர். பனி தள்ளும் வண்டிகள் அவர் பொறுப்பு. அந்தக் குளிர்காலம் முழுக்க வண்டிகள் சாலையைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பனியை எல்லாம் கொண்டுபோய் ஜனங்களின் வாசல் வழியில் குவித்துவிட்டுப் போயின. காலையில் காரை எடுக்க முடியாமல் ஊர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் வெர்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அவரோ வந்து உட்கார்ந்ததிலிருந்து பதில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஆளுங்க ராவும் பகலுமா உழைக்கிறாங்க, லோவெல். எங்கப்பா காலத்துல இந்த வண்டியெல்லாம் ஏது? அப்பல்லாம்..."

அவருடைய அப்பா காலம் முடிந்து தாத்தா காலம் தொடங்கியபோது பிரிட்டாவின் கால்கள் நாற்காலியில் ஆட ஆரம்பித்தன. அவள் சத்தம் போடவில்லை. சொன்ன சொல் தவறவில்லை. டப்பாவை மெல்லத் திறந்து, தேடி, ஓர் அட்டையை எடுத்து, பூனை மாதிரி நடந்து வந்து அப்பாவின் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

லோவெல் அட்டையை எடுத்துப் பார்த்தான். ஸ்டுடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆர்டிஸ் நின்றிருந்தாள். இந்தப் பக்கம் பிரிட்டா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்க போட்டாலும் என்று சொன்னது அவன் வாய்தானே.

"...ஆக, மக்களோட கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல" என்றார் வெர்ன். "நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"ம்ம்ம்மாஆஆ" என்றான் லோவெல், மைக்கில்.

அவன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. பால் கறக்க ஆள் வராத மாட்டின் வேதனை முழுக்க அதில் இருந்தது.

வெர்னின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறத் தொடங்கியது. "என்ன லோவெல், நக்கலா?"

"ம்மாஆஆ." அடுத்த அட்டை வரும்வரை நிறுத்த முடியாது.

வெர்னின் முகத்தைப் பார்த்துப் பிரிட்டா பயந்துபோனாள். அப்பாவைச் சீக்கிரம் பேச வைத்துவிட வேண்டும் என்று டப்பாவைத் துழாவினாள். 'பே' என்று ஆரம்பித்த ஓர் அட்டை கண்ணில் பட்டதும், மீதியைப் படிக்காமல் உருவிக்கொண்டு ஓடிப் பையில் திணித்தாள்.

லோவெல் அதைப் படித்தான். 'பேசாதே.'

வானொலியில் தவறாகப் பேசலாம். உளறலாம். ஒருமுறை லோவெல் தும்மி ஒரு விளம்பரத்தையே கெடுத்திருக்கிறான். மன்னிப்பு உண்டு. மௌனத்துக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது. லோவெல் வாயை மூடிக்கொண்டான். வெர்ன் ஏற்கனவே கோபத்தில் கையைக் கட்டிக்கொண்டு வாயை மூடியிருந்தார். ஸ்டோனி பே முழுக்க அடுப்படிகளிலும் கார்களிலும் ஜனங்கள் வானொலிப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆர்டிஸ் இரண்டு கையாலும் கழுத்தை நெரிப்பது போலக் காட்டினாள். தன் கழுத்தையா அவன் கழுத்தையா என்பது தெளிவாக இல்லை. லோவெலுக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு வார்த்தை போதும். ஆனால் பேஸ்டி கடையில், அழாமல் அட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்ட அந்தச் சின்னக் கையை அவன் மறக்கவில்லை. வேலை போனால் வேறு வேலை தேடலாம் என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததுமே, இந்த ஊரில் வேறு வேலையே இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் உதட்டைப் பிரிக்கவில்லை. அட்டையை மகள் பக்கம் திருப்பிப் பிடித்தான்.

பிரிட்டா கிட்டே வந்தாள். மைக்குக்கு மிகவும் கிட்டே.

"பே... சா... தே" என்றாள். "ஐயோ."

அது ஊர் முழுக்கக் கேட்டது.

அவள் டப்பாவை மேசையில் கவிழ்த்தாள். ஒவ்வோர் அட்டையாக எடுத்தாள். "தா... வு. இது இல்ல. பல்... தே... ய். இது இல்ல. மூ... மூக்... மூக்கைத் தொடு. இல்ல. நா... ய்... மா... தி... ரி... ந... ட. இல்ல. பாத்திரம் கழுவு. அம்மா!"

"என்னம்மா தேடுற?" என்றார் வெர்ன். அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"'பேசு' அட்டை. அதைப் போட்டாத்தான் அப்பா பேசுவாரு. அவரு ரோபோ."

"குடு, நான் தேடித் தர்றேன்."

"வேணாம். நான்தான் படிப்பேன். என்னோட ரோபோ."

வெர்ன் யோசித்தார். லோவெலை மேலும் கீழும் பார்த்தார். "என்ன எழுதிப் போட்டாலும் செய்வாரா?"

"எழுத்து சரியா இருந்தா."

வெர்ன் கோட்டுப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு வெற்று அட்டையில் கையால் மறைத்து மறைத்து ஏதோ எழுதினார். லோவெலின் பையில் போடக் கையை நீட்டினார். பிரிட்டா நடுவில் மறித்து அதைப் பிடுங்கினாள். அம்மாவின் திருட்டு அட்டைகளைப் பார்த்துப் பழகியவள் அவள்.

"வெர்... னை... ரொம்... ப... ரொம்ப... பா... ரா... பாராட்... டு" என்று படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இது செல்லாது."

கண்ணாடிக்குப் பின்னால் ஆர்டிஸ் கழுத்திலிருந்து கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசிவரை 'பேசு' அட்டை கிடைக்கவில்லை. பிரிட்டா வெர்னின் பென்சிலையே வாங்கிக்கொண்டு, அவர் அட்டையின் பின்பக்கம் தானே எழுதினாள். எழுதிவிட்டு உடனே போட்டுவிடவில்லை. முகத்தருகே கொண்டுபோனாள். "பேவா, வீயா? வீசுன்னு இருந்தா எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சிடுவாரு" என்று வெர்னுக்கு விளக்கினாள். வெர்ன் தன் காபிக் கோப்பையைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டார். அவள் மறுபடியும் எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டு, அட்டையைப் பையில் போட்டாள்.

"வணக்கம், ஸ்டோனி பே!" என்றான் லோவெல். அடக்கி வைத்திருந்த மூச்செல்லாம் சேர்ந்து வந்ததில், அது திருவிழா அறிவிப்பு போல இருந்தது. "இப்போது ஒரு சிறிய விளம்பர இடைவேளை!"

விளம்பரம் ஓடத் தொடங்கியதும் ஆர்டிஸ் கதவை உடைக்காத குறையாக உள்ளே வந்தாள். "லோவெல் காங்காஸ்! இத்தனை வருஷத்துல என் நிலையம் ஒரு தடவை ஊமையானது இல்லை! அதுக்கு முன்னாடி மாடு வேற!"

அவள் அடுத்த வாக்கியத்துக்குப் போவதற்குள் தொலைபேசி அடித்தது. வைத்தாள், மறுபடி அடித்தது. ஒருத்தர்கூட மௌனத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நாய் மாதிரி நடந்தாரா இல்லையா என்று கேட்டார்கள். டப்பாவில் மீதி என்ன அட்டை இருக்கிறது, அந்தப் பிள்ளையைத் தொடர்ந்து படிக்கச் சொல்லுங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து டாரா கூப்பிட்டு, பாத்திரம் கழுவு அட்டையைப் பத்திரமாகக் கொண்டுவரச் சொன்னாள். மலைச்சரிவுத் தெருவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "அந்த ரோபோவெல்லாம் இருக்கட்டும். வெர்னுக்கு ஒரு அட்டை போடச் சொல்லுங்க. என் வாசல்ல ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கு, மூணு நாளா வெளிய வர முடியல."

ஆர்டிஸ் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு இதைச் சொன்னாள். வெர்ன் சிரித்தார். பிரிட்டா சிரிக்கவில்லை. அவருடைய பென்சில் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. விளம்பரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தபோது, வெர்ன் ஹெய்க்கினனின் கோட்டுப் பையில் ஓர் அட்டை துருத்திக்கொண்டிருந்தது.

"இது என்னது?" என்றார் வெர்ன்.

"படிங்க" என்றாள் பிரிட்டா. "படிக்கத் தெரியும்ல?"

மைக் திறந்திருந்தது. ஊர் கேட்டுக்கொண்டிருந்தது. வெர்ன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "வாசல்... பனியை... தள்ளு."

"எழுத்து சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு" என்றார் வெர்ன். எழுந்தார். கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். கதவருகே போனதும் நின்றார். கையையும் காலையும் விறைப்பாக்கிக்கொண்டு, "க்ர்ர்ர்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு வெளியேறினார். அன்று மாலைக்குள் மலைச்சரிவுத் தெரு முழுக்க வாசல் வழிகள் திறந்துவிட்டன. அடுத்த தேர்தலில் அவருக்கு அந்தத் தெரு மொத்தமாக ஓட்டுப் போட்டது என்பார்கள். அவர் பேச்சுக்காக இல்லை, அந்த "க்ர்ர்ர்"ருக்காக.

ஆர்டிஸ் லேசில் விடவில்லை. மறுநாள் காலை ஸ்டுடியோ கதவில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. சாலைகள் இன்னும் சரியாகாததால் அன்றும் அப்பாவோடு வந்திருந்த பிரிட்டா, கதவுக்கு முன்னால் நின்று, யாரும் கேட்காமலே விரல் வைத்துப் படித்தாள்.

"ரோ... போக்... களுக்கு... அனு... மதி... இல்லை." திரும்பி லோவெலைப் பார்த்தாள். "அப்பா, நீ உள்ள போக முடியாது."

வீட்டில் அட்டைகள் தீர்ந்துகொண்டே வந்தன. ஒரே கட்டளையை எத்தனை தடவை போடுவது? லோவெல் மூக்கைத் தொட்டுத் தொட்டு மூக்கு நுனி சிவந்துவிட்டது. புதுக் கட்டளை யோசித்து யோசித்து பிரிட்டாவுக்கும் அலுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்படியில் சாய்ந்து நின்றவள், டாரா அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் விரித்து வைத்திருந்த சமையல் புத்தகத்தைச் சும்மா எட்டிப் பார்த்தாள். சர்ச்சுப் பெண்கள் சேர்ந்து போட்ட பழைய புத்தகம். பக்கமெல்லாம் வெண்ணெய்க் கறை.

"முட்... டை... யை... உடை" என்று படித்தாள். புருவம் ஏறியது. "மா... வை... சலி. ஏலக்... காயை... இடி." வேகமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அதற்கடுத்த பக்கத்தையும். "அம்மா! இது முழுக்கக் கட்டளை!"

டாரா லோவெலைப் பார்த்தாள். லோவெல் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தான்.

"அப்பா! வா இங்க! உனக்கு ஒரு புத்தகமே இருக்கு!"

அட்டைக்குப் பதிலாகப் புத்தகத்தையே தூக்கிச் சட்டைப் பையில் திணிக்கப் பார்த்தாள். நுழையவில்லை. சரி, வாசித்தாலே போதும், இந்தப் புது ரோபோவுக்குக் காது கேட்கும் என்று விதியை மாற்றினாள். நாற்காலியின்மேல் முழங்காலிட்டு, புத்தகத்தின்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தாள். அவள் படித்தாள், அவன் உடைத்தான். அவள் படித்தாள், அவன் இடித்தான். ஏலக்காய் வாசனை வீட்டை நிறைத்தது. ஓரிடத்தில் 'ஒரு கோப்பை' என்பதைக் கவனிக்காமல் 'ஒன்பது கோப்பை' என்று படித்துவிட்டாள். ரோபோ கேள்வி கேட்கவில்லை. ஒன்பது கோப்பைப் பாலையும் ஊற்றியது. மாவு கிண்ணத்தைவிட்டுக் கிளம்பி மேசையோரம் வரை வந்துவிட்டது. அவள் திரும்பப் போய் அந்த வரியைத் தேடிப் பிடித்து, இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "ச்சே" என்றாள். அப்புறம், "இன்னும் மாவு போடு" என்று புத்தகத்தில் இல்லாத ஒரு கட்டளையைச் சேர்த்துக்கொண்டாள்.

முழங்கைவரை மாவில் புதைந்து லோவெல் பிசைந்துகொண்டிருந்தபோது வாசிப்பு நின்றது.

"நொ... தி..." என்றாள் பிரிட்டா. "நொதி..."

மாவு அவன் கைகளில் மெதுவாக மேலேறிக்கொண்டிருந்தது. கீழேயும் சொட்டிக்கொண்டிருந்தது. முன்னறையில் தொலைபேசி அடித்தது. அதை எடுக்கக் கட்டளை இல்லை. லோவெலுக்கு அந்தச் சொல் தெரியும்: பிசைவதை நிறுத்தி, மாவைத் தொடாமல் பொங்க விடச் சொல்வது. வாசலில் நின்ற டாராவுக்கும் தெரியும். அவள் உதடு பிரிவதைப் பிரிட்டா கடைக்கண்ணால் பார்த்துவிட்டாள்.

"யாரும் சொல்லக் கூடாது!" என்று கத்தினாள். விரலை அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்கே திரும்பக் கொண்டுபோனாள். "நானே கண்டுபிடிப்பேன். அப்பா, நீ பிசைஞ்சிட்டே இரு."